முதல் நான்கு வினாடி

பூஜ்ஜியம்.

தான் வேலை பார்க்கும் குடிநீர் அலுவலகத்திலிருந்து போன புதன்கிழமை வந்த அந்தக் கடிதத்தை அக்கா எத்தனை முறை பிரித்துப் படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மடிப்புகள் கிழியத் தொடங்கிவிட்டன. ‘இவ்வலுவலகத்தின் குழாய்க் கசிவு ஒலித்தொகுப்பை மேற்கோள் காட்டிய ஆய்வுகள்: பூஜ்ஜியம்.’ அடுத்த வரி ‘எனவே’ என்று தொடங்கியது. எனவே, தொகுப்பைத் தொடர்வதா, மூடுவதா என்று குழு கூடி முடிவெடுக்கும். மூடினால், அதைத் தொகுத்த பணியாளர் மீட்டர் புகார்ப் பிரிவுக்கு மாற்றப்படுவார்.

குழு கூடும் நாள் இன்றுதான். மூன்று மணிக்கு.

இப்போது மணி ஏழரை. அக்கா நடுச்சாலையில் ஒரு வால்வுக் குழியருகே முழங்காலிட்டிருந்தாள். கையில் கேட்புக்கோல். கை நீளத்துக்கு ஓர் எஃகுக் கம்பி. ஒரு நுனியை வால்வின் மேல் ஊன்ற வேண்டும், மறுநுனியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் காதைப் பதிக்க வேண்டும். கருவி அவ்வளவுதான். மீதி எல்லாம் காது.

மண்ணுக்குள் குழாய் ஓட்டையானால் சும்மா இருக்காது. அழுத்தத்தோடு ஓடும் தண்ணீர் ஓட்டை வழியே பிதுங்கும்போது குழாயின் சுவர் நடுங்கும். இரும்புக் குழாய் அந்த நடுக்கத்தை மெல்லிய சீறலாக வெகுதூரம் கொண்டுபோகும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்ச தூரத்திலேயே அதை விழுங்கிவிடும். காதுக்குக் கிடைப்பது ஒரு மந்தமான முணுமுணுப்பு. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதுவும் ஏறக்குறைய அப்படித்தான் முனகும். எது தண்ணீர், எது மின்சாரம் என்று பிரிக்க அக்காவுக்கு மூன்று ஆண்டு பிடித்தது. அதன் பிறகு குழி தோண்டுகிறவர்கள் அவளுக்குக் ‘காது மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“என்ன காது மேடம், காலைலயே மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குது?” என்றார் மண்வெட்டியோடு நின்றவர்.

“நான் பதிவு பண்ணி முடிச்சதும் தோண்டுங்கண்ணே. வால்வுலருந்து ரெண்டடி இடப்பக்கம்.”

“நேத்தெல்லாம் சிரிச்சுக்கிட்டுதான இருந்தீங்க?”

“நேத்து மூணு மணிக்குக் கூட்டம் இல்ல.”

அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றார். அக்கா ஒலிப்பதிவுக் கருவியைக் கோலோடு பொருத்தி, பொத்தானை அழுத்தினாள். “பன்னிரண்டாம் தேதி. வார்ப்பிரும்பு. நாலடி ஆழம்” என்று தெளிவாகச் சொன்னாள். சரியாக நான்கு வினாடி. பிறகு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அரை நிமிடம் குழாயைப் பேசவிட்டாள்.

இப்படி ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். பதினொரு ஆண்டு உழைப்பு. ஒவ்வொரு பதிவும் அவள் குரலில்தான் தொடங்கும்.

சத்தத்தை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். அக்காவின் தொகுப்பில் அதைவிட அரிதான ஒன்று இருந்தது. தோண்டிய பிறகு குழிக்குள் இறங்கி, என்ன இருந்தது என்று பார்த்து, அதையும் எழுதி வைப்பாள். ‘மூட்டு விலகல்.’ ‘நீளவாக்கில் விரிசல்.’ தோண்டியும் ஒன்றும் இல்லையென்றால், ‘கசிவு இல்லை. என் தவறு.’ முந்நூறுக்கு மேல் அப்படிப்பட்ட வரிகள் இருந்தன. கசிவைக் கண்டுபிடிக்க எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு அந்த வரிகள்தான் உயிர். எது கசிவு என்பதோடு, எது கசிவைப் போல ஏமாற்றும் என்பதையும் எந்திரம் கற்க வேண்டுமே! தன் தப்பை எழுதி வைக்க யார் முன்வருகிறார்கள்?

நான்கு ஆண்டுக்கு முன்பு அவள் தொகுப்பை எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டாள். யார் யாரோ எங்கிருந்தோ நன்றி சொல்லி எழுதினார்கள். ‘உங்கள் தவறுகள் எங்களுக்கு இரண்டு ஆண்டை மிச்சப்படுத்தின’ என்று ஒரு பொறியாளர் எழுதியிருந்தார்.

அப்படியிருக்க, பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது?

“மேடம், தண்ணி!” என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. அவள் சொன்ன இடத்திலிருந்து ஒரு சாண்கூடத் தள்ளவில்லை. அக்கா இறங்கிப் பார்த்தாள், எழுதினாள், கையைத் துடைத்துக்கொண்டு நேரே கல்லூரி நூலகத்துக்குக் கிளம்பினாள்.

*

நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஆய்வுத் தரவுகளைப் பாதுகாக்கும் பிரிவு, தம்பி மனைவியின் பொறுப்பு. அக்காவும், அதே கல்லூரியில் குழாய்க் கசிவை ஆராயும் பேராசிரியரான தம்பியும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருப்பவர்கள். கடிதம் வந்த அன்றே மேலே ஏறிப்போய் இவளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் இவள் ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போய், நேற்றுத்தான் திரும்பியிருந்தாள். தம்பியிடம் கேட்டதற்கு, “ஆஃபீஸ்காரங்க எண்ணத் தெரியாம எண்ணிருப்பாங்க, விடுக்கா” என்றதோடு சரி.

தம்பி மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தாள்.

“இது எப்படி அண்ணி பூஜ்ஜியம் ஆகும்? நானே ஒரு பத்துப் பேப்பர்ல பாத்திருக்கேனே!”

“அதைத்தாம்மா நானும் கேக்கறேன். இதை யாரு எண்றது? மனுஷங்களா, மிஷினா?”

“மிஷின்தான். ஆனா அது சரியான முட்டாள் மிஷின். சொல்றேன், உக்காருங்க.” நாற்காலியை இழுத்துப் போட்டாள். “ஒரு பேப்பரோட கடைசில, யார் யாருகிட்டருந்து என்னென்ன எடுத்தோம்னு ஒரு பட்டியல் இருக்கும்ல? மிஷின் அதை மட்டுந்தான் படிக்கும். பேப்பருக்கு நடுவுல உங்களைத் தலைல தூக்கி வெச்சு ஆடியிருந்தாலும் அதுக்குக் கண்ணு தெரியாது. பட்டியல்ல ஒரு வரி இருக்கணும். யார் தொகுத்தாங்க, எந்த வருஷம், என்ன பேரு, எத்தனையாவது பதிப்பு, எங்க இருக்கு. கடைசியா, நிலை எண்.”

“அந்த நீள நம்பர்தான?”

“அதேதான். வலைமுகவரி நாளைக்கே மாறிப் போகலாம். நிலை எண் மாறாது. தொகுப்பை எங்க தூக்கி வெச்சாலும் அந்த எண்ணைத் தட்டினா அங்க கொண்டுபோய் விடும்.” பேசிக்கொண்டே அவள் விரல்கள் தட்டின. “உங்க ஆஃபீஸ்ல என்ன பண்ணியிருப்பாங்க தெரியுமா? உங்க பேரைப் போட்டுத் தேடியிருப்பாங்க. நாம பேரை விட்டுட்டு நிலை எண்ணைப் போட்டுத் தேடுவோம்.”

திரை ஒரு நொடி சுழன்றது. ஓர் எண் வந்தது.

நூற்று அறுபத்து மூன்று.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். “நூத்தி அறுபத்தி மூணு பேரா?”

“நூத்தி அறுபத்தி மூணு பேப்பர்! பூஜ்ஜியமாம் பூஜ்ஜியம்!” தம்பி மனைவி மேசையைத் தட்டினாள். தூரத்தில் படித்துக்கொண்டிருந்த ஒருவர், நூலகத்துக்குள் சத்தம் போடும் நூலகரை அதிசயமாகப் பார்த்தார். “இருங்க, இதெல்லாம் யார் பேர்ல போய்ச் சேந்திருக்குன்னு…”

தொகுத்தவர் பெயரின் மேல் அழுத்தினாள். புதிய பக்கம் திறந்தது.

அதில் தம்பியின் படம் சிரித்தது.

தம்பி மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“இந்தத் தொகுப்பைப் போடும்போது ஃபாரம் யார் எழுதினது அண்ணி?”

“உன் வீட்டுக்காரன்தான். உனக்கு இங்கிலீஷ் ஃபாரமெல்லாம் எதுக்குக்கா, நான் போட்டுத் தர்றேன்னான்.”

தம்பி மனைவிக்குப் புரிந்துவிட்டது. நாம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வாழ்நாளை ஓட்டிவிடுவோம். அந்தப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. தம்பி தன் கட்டுரைகளில் செய்வதைப் போலவே அங்கே அப்பாவின் முழுப்பெயரைப் போட்டிருந்தான். எந்திரம் குடும்பப் பெயரை முழுதாக வைத்துக்கொண்டு, சொந்தப் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கியது. பிள்ளைகள் இருவருக்கும் ஒரே எழுத்தில் பெயர் வைத்தால் கூப்பிட அழகாக இருக்கும் என்று ஒரு காலத்தில் அப்பா நினைத்திருந்தார். ஆக, எந்திரத்தின் கண்ணில் அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. அப்பாவும் ஓர் எழுத்தும்தான். இருவர் எழுதுவதும் குழாயைப் பற்றி என்றதும், இருவரையும் ஒருவராக்கிவிட்டது.

“இதைத் தடுக்கத்தான் ஆய்வாளர் எண்ணுன்னு ஒண்ணு இருக்கு அண்ணி. பதினாறு இலக்கம். ரெட்டைப் பிள்ளைங்களா இருந்தாலும் ஆளுக்கொரு எண். ஃபாரத்துல அதுக்கு ஒரு பெட்டி இருந்திருக்குமே?”

“இருந்துச்சு. இதென்னடான்னு கேட்டேன். ‘அது உனக்கு வேண்டாம்க்கா, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு’ன்னான்.”

அக்கா சொன்னது மெதுவாகத்தான். தம்பி மனைவிக்குத்தான் முகம் சிவந்தது.

“மிஷின் தானா சேத்திருக்கும் அண்ணி. அவருக்குத் தெரிஞ்சிருக்காது.”

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கை சும்மா இருக்கவில்லை. கல்லூரி ஆசிரியர்களின் பக்கங்களைப் பராமரிப்பது அவள் பிரிவுதான். எந்திரம் யாருடைய பக்கத்திலாவது ஒன்றைச் சேர்த்தால், ‘இது உங்களுடையதா?’ என்று அவரிடம் கேட்கும். அவர் ஆம் என்றோ இல்லை என்றோ அழுத்த வேண்டும். அழுத்தியது பதிவாகும். அந்தப் பதிவேட்டைத் திறந்தாள்.

இரண்டு ஆண்டுக்கு முன்பு ஒரு தேதி. ‘இது உங்களுடையதா?’ ‘ஆம்.’

அக்கா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரியாது. தம்பி மனைவி மூடிவிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். கணினி வேலை செய்யவில்லை என்று சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பாள்.

அவள் திரையை அக்காவின் பக்கம் திருப்பினாள்.

அக்கா படித்தாள். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். “முதல்ல எனக்கு அந்தப் பதினாறு இலக்கத்தை வாங்கிக் குடு” என்றாள்.

அதற்கு ஐந்தே நிமிடம்தான் ஆனது. நான்கு ஆண்டுக்கு முன்பு ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அதோடு விடாமல், தொகுப்புப் பக்கத்தின் உச்சியில் தம்பி மனைவி ஒரு பெட்டியும் வைத்தாள். ‘இத்தொகுப்பை இப்படிக் குறிப்பிடுங்கள்’ என்று தலைப்பு. கீழே முழு வரி. பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் வரி அப்படியே நகலாகும்.

“எழுதுறவங்க சோம்பேறிங்க அண்ணி. தேடிப் பிடிச்சு மரியாதை பண்ண மாட்டாங்க. நாமதான் வரியைத் தயார் பண்ணி வாயில ஊட்டணும். உங்க பேரை எப்படிப் போடட்டும்?”

“முழுசாப் போடு. ஒரு எழுத்துகூடச் சுருக்காதே.”

“இனிமே வர்றதெல்லாம் உங்க பேர்ல வரும். ஆனா பழைய நூத்தி அறுபத்தி மூணு…” அவள் தயங்கினாள். “அதை விடுவிக்க என்னால முடியாது. ‘என்னுடையது அல்ல’ன்னு அவரேதான் அழுத்தணும்.”

“சரி. வா, அழுத்தச் சொல்லுவோம்.”

*

தம்பியின் அறையில் சுவர் முழுக்கக் குழாய் வரைபடங்கள். நடுவில் புதிய கணினி. பதவி உயர்வுக்குக் கோப்பு மேலே போயிருக்கிறது. கிடைத்தால் புதிய கசிவு ஆய்வகத்துக்கு இவன்தான் தலைவன்.

“அக்கா! என்ன ரெண்டு பேரும் சேந்து? சொல்லியிருந்தா நானே…”

“உன் பேப்பரைத் திற” என்றாள் அக்கா. “என் சத்தத்தை எங்கருந்து எடுத்தேன்னு எழுதியிருக்கிற இடம்.”

“எதுக்குக்கா இப்ப?”

“திறடா.”

திறந்தான். தம்பி மனைவி உரக்கப் படித்தாள். “‘பொதுவில் கிடைக்கும் ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து பதிவுகள் பெறப்பட்டன.’ அவ்வளவுதான். பேரும் இல்ல, எண்ணும் இல்ல.”

“பொதுவில் கிடைக்கும்!” அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. “என்னடா, மரத்துல காய்ச்சுத் தொங்குச்சா? போற போக்குல பறிச்சுக்கிட்டியா? முழங்கால் தேஞ்சு போய் ரெண்டு வருஷமா மாத்திரை போடறேன். உங்க மாடிக்கு வந்துட்டுப் படி எறங்கும்போது பாக்கறதான?”

“அக்கா, அது எழுதற முறை. எல்லாருமே அப்படித்தான் எழுதுவாங்க.”

“நூத்தி அறுபத்தி மூணு பேர் அப்படி எழுதல” என்றாள் தம்பி மனைவி. “முன்னப்பின்ன தெரியாதவங்க ஒழுங்காப் போட்டிருக்காங்க. போடாதது நீங்க ஒருத்தர்தான், ப்ரொஃபசர் சார்.”

வீட்டில் அவள் அவனைச் சார் என்று கூப்பிட்டதில்லை. தம்பி நாற்காலியில் நிமிர்ந்தான். விஷயம் எதுவரை போயிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“அது மிஷின் பண்ண குழப்பம். ஒரே நாள்ல முப்பது, நாப்பது தலைப்பு வந்துச்சு. உன்னுதா, உன்னுதான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஆம்னு தட்டிட்டேன். பாக்கல.”

“பாக்கல.”

“சத்தியமாப் பாக்கலக்கா.”

“அப்புறம் எப்பப் பாத்தே?”

தம்பி மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

“என் காதுலயே பூ சுத்தறியா நீ? அஞ்சடி மண்ணுக்குக் கீழ தண்ணி பொய் சொன்னா கண்டுபிடிக்கிற காதுடா இது. எப்பப் பாத்தே?”

“…ஆறு மாசம் கழிச்சு.”

“பாத்துட்டு?”

“சரி பண்ணலாம்னுதான் இருந்தேன். அந்த மாசந்தான் பதவி உயர்வு ஃபாரம் குடுக்கணும்னு வந்துச்சு. அப்ப எழுதின மேற்கோள் எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே வந்து, போன மாசம் இருநூத்தி நாப்பத்தொண்ணுன்னு எழுதிட்டேன். அப்புறம் குறைச்சா ஏன்னு கேப்பாங்கல்ல?”

இருநூற்று நாற்பத்தொன்றில் நூற்று அறுபத்து மூன்று போனால் எழுபத்தெட்டு. அதை யாரும் சொல்லவில்லை. மூன்று பேருமே மனத்துக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

“அதனால எனக்குப் பூஜ்ஜியம்” என்றாள் அக்கா. “கடிதத்தைக் காட்டினப்ப, எண்ணத் தெரியாம எண்ணிருப்பாங்கன்னு சொன்னியே. யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே சொன்னே.”

“அக்கா…”

“இந்தச் சத்தம் ஒண்ணைப் போடு.”

“என்னது?”

“உன் மிஷினுக்குக் கொடுக்கற சத்தத்துல ஒண்ணு. எதாவது போடு.”

அவன் ஒன்றை அழுத்தினான். ஒலிபெருக்கியில் நேரடியாகச் சீறல் வந்தது. இரும்புக் குழாய், மூட்டு விலகல். கேட்டவுடன் அக்காவுக்குத் தெரிந்தது. ஏதோ ஒன்று குறைவதும் தெரிந்தது.

“என் குரல் எங்கடா?”

தம்பி முதல்முறையாகத் தலையைக் குனிந்தான். “பேச்சு இருந்தா மிஷின் குழம்பிடும்க்கா. முதல் நாலு வினாடியை வெட்டிட்டுத்தான் குடுப்போம். இதைப் பயன்படுத்தற எல்லாருமே வெட்டுவாங்க.”

“வெட்டறது சரி. சீறலைக் கத்துக்கற மிஷினுக்கு என் பேச்சு எதுக்கு? நானா இருந்தாலும் வெட்டியிருப்பேன்.” அக்கா மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். “சத்தத்துலருந்து ஆளை வெட்டறதுனாலதான் பேப்பர்ல ஆளுக்கு ஒரு வரி வெச்சிருக்காங்க. அந்த வரியையும் நீ வெட்டிட்ட. வெட்டின இடத்துல நீ போய் உக்காந்துக்கிட்ட. அப்பா பேரைக் காப்பாத்துவேன்னு சொல்லுவியே, நல்லாக் காப்பாத்தினே! அவர் பேருக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கிட்டு எடுத்திருக்க.”

தம்பி மனைவி அவன் கணினியில் பக்கத்தைத் திறந்து வைத்தாள். ‘என்னுடையது அல்ல.’ பொத்தான் சிறியதுதான்.

அவன் அதைப் பார்த்தான். கை நகரவில்லை. “கோப்பு இந்த மாசம் முடிஞ்சிரும். அது முடிஞ்ச அடுத்த நிமிஷம் நானே…”

“எனக்கு இந்த மாசம் இல்லடா. மூணு மணி.”

“இப்ப அழுத்தினாலும் கணக்கு மாற ரெண்டு நாள் ஆகும்க்கா. உன் கூட்டத்துக்கு உதவாது.”

அது உண்மைதான் என்று தம்பி மனைவி தலையசைத்தாள்.

“அப்ப ஒரு கடிதம் எழுது. இந்தத் தொகுப்பு யாருதுன்னு. உன் கையெழுத்தோட, மூணு மணிக்குள்ள.”

தம்பி நெற்றியைத் தேய்த்தான். “எழுதறேன்” என்றான். அவன் குரல் மிகவும் சிறியதாக இருந்தது.

*

குழு என்றால் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரிதான் பேசினார். மற்ற இருவரும் அவர் தலையாட்டும்போது தலையாட்டினார்கள்.

தம்பி மனைவி நூற்று அறுபத்து மூன்று தலைப்புகளையும் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். பெயரை வைத்து எண்ணினால் ஏன் தவறு வரும், நிலை எண்ணை வைத்து எண்ணினால் ஏன் வராது என்று பொறுமையாக விளக்கினாள். அதிகாரி கெட்டிக்காரர். ஒரே தடவையில் புரிந்துகொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

“சரிம்மா, பயன்படுத்தியிருக்காங்க. ஒத்துக்கறேன். ஆனா பதிவுல உரிமையாளர்னு இருக்கறது உங்க வீட்டுக்காரர். அவரும் ஆம்னு ஏத்துக்கிட்டிருக்கார். அப்ப இது அவரோட தொகுப்பு, அவர் கல்லூரித் தொகுப்பு. அவங்களே வெச்சுக்கட்டும். நாங்க எதுக்கு ஆளும் கருவியும் வெச்சு நடத்தணும்?”

“சார், பதினொரு வருஷமா இந்த ஆஃபீஸ்ல வேலை பாக்கறேன்” என்றாள் அக்கா. “நான் ரோட்டுல உக்காந்து எடுத்தது உங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியறது ஃபைல்ல ஏறாது. அவர் எழுதிக் குடுக்கணும்.”

அந்த நேரத்தில் அவருடைய கணினி ஒலித்தது. பார்த்தார். புருவம் உயர்ந்தது. “ஆயுசு நூறு. அவர்கிட்டருந்துதான்.”

மூலையில் இருந்த அச்சுப்பொறி ஒரே ஒரு தாளைத் துப்பியது. அதிகாரி படித்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். “பாருங்க, எவ்வளவு சுலபமா முடிஞ்சு போச்சு! ‘பதினொரு ஆண்டுகளாகச் சேகரிக்கப்பட்ட இவ்வொலித்தொகுப்பு எங்கள் உழைப்பு. நூற்று அறுபத்து மூன்று ஆய்வுகள் மேற்கோள் காட்டுவது இதைத்தான். இதைக் குடிநீர் அலுவலகமே தொடர்ந்து பராமரிக்க வேண்டுகிறேன்.’ போதும். கூட்டுத் தொகுப்புன்னு எழுதிக்கலாம். அவர் பேரும் இருக்கும், உங்க பேரும் இருக்கும். கீழ ஒப்புதல்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. தொகுப்பும் இருக்கும், உங்க வேலையும் இருக்கும்.”

தாள் மேசைமேல் நகர்ந்து வந்தது. பேனாவும் வந்தது.

அக்கா படித்தாள். நல்ல கடிதம்தான். கெட்டிக்காரத்தனமான கடிதம். எழுபத்தெட்டு ஆகாமலே தப்பிக்க ஒரு வழி அவன் கண்டுபிடித்திருந்தான். அவளுக்கும் வேலை நிலைக்கும். தொகுப்பும் பிழைக்கும். யாருக்கும் எதுவும் குறையாது.

எங்கள்.

பதினொரு ஆண்டில் ஒரே ஒருநாள் அவன் அந்தக் கோலைத் தொட்டிருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தாள். மழையில் குழி சரிந்து இடுப்புவரை சேற்றில் நின்ற நாளில்? ‘என் தவறு’ என்று எழுத அவமானமாக இருந்து, பேனாவை மூடி, மறுபடி திறந்து எழுதிய அந்த முதல் நாளில்? அந்த முந்நூறு தவறுகளையும் அவனும் பாதி எடுத்துக்கொள்வானா?

பேனாவை எடுத்தாள். ‘எங்கள்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டாள். கோடு மெல்லியதாக இருந்தது. இன்னொரு முறை அழுத்திப் போட்டாள். தாள் லேசாகக் கிழிந்தது. அதற்கு மேலே ‘என் அக்காவின்’ என்று எழுதினாள்.

“என்னம்மா பண்றீங்க!” அதிகாரி எழுந்துவிட்டார். “அடிச்ச கடிதம் செல்லாது! அவர் எழுதினதை நீங்க எப்படித் திருத்தலாம்?”

“தப்பா இருந்துச்சு சார். தப்பு இருந்தா எழுதி வைக்கறது என் வழக்கம்.”

“ஒரு வார்த்தைக்காக எல்லாத்தையும் விடறீங்களா? யோசிச்சீங்களா?”

“பதினொரு வருஷம் எடுத்ததே யாரோ ஒருத்தர் நம்பி எடுத்துக்கணும்னுதான் சார். அதுல முதல் வரியே பொய்யா இருந்தா, மீதி ஆறாயிரத்தை எவன் நம்புவான்?”

அதிகாரி மற்ற இருவரையும் பார்த்தார். இந்த முறை அவர்கள் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இருந்தார்கள். அவர் மெதுவாக உட்கார்ந்தார். தாளை விரலால் தள்ளி வைத்தார்.

“நாளைக்குக் காலைல பத்து மணி. அவர் கையால திருத்தின கடிதம் என் மேசைல இருக்கணும். இல்லேன்னா பழைய எண்ணிக்கைதான் ஃபைல்ல ஏறும். தொகுப்பை மூடிடுவோம். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

வெளியே நடைக்கூடத்தில் தம்பி மனைவி கைப்பேசியை எடுத்தாள். அக்கா வேண்டாம் என்று சொல்வாளோ என்று ஒரு பார்வை பார்த்தாள். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள்.

முதல் மணியிலேயே எடுத்தான். காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“கடிதம் வந்துச்சு” என்றாள் தம்பி மனைவி. “அதுல ஒரு வார்த்தையை அண்ணி அடிச்சிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள நீங்க வேற எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா மூடிடுவாங்களாம்.”

மறுமுனையில் அவன் அறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“கேக்குதா?”

“ம்.”

எந்த வார்த்தை என்று அவன் கேட்கவில்லை.